கடலுக்குப் போக வழி எது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சென்னை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கத்திலிருந்து ஒரு வாசகர், 'படுக்கையில் படுத்தால் அலைச் சத்தம் கேட்கிறது, ஆனால் அந்த அலையில் கால் நனைக்க ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது' என்று எழுதியிருந்தார். நானும் ரெண்டு வரியில் ஏதோ ஒரு பதிலைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விட்டார்களா? கொட்டிவாக்கத்திலிருந்து ஈஞ்சம்பாக்கம் வரை ஆளாளுக்கு அவரவர் தெருக்கோடியைப் பற்றி எழுதிவிட்டார்கள். அதனால் இந்த இதழில் சமையல், வரன், வருமான வரி எதுவும் கிடையாது. முழுக்கக் கடற்கரைச் சந்துகள்தான், கடைசியில் ஒரு ஏரியும் உண்டு.

எங்கள் தெரு நேராகக் கடற்கரையில் போய் முடியும். குழந்தைகள் சின்னவர்களாக இருந்தபோது தினமும் சாயங்காலம் நடந்தே போவோம். இப்போது கடைசி இரண்டு வீடுகளுக்கு நடுவில் இரும்பு கேட், 'தனியார் வழி' என்று பலகை, ஒரு காவலாளி. கேட்டால் 'மேடம், இது ஓனர் இடம்' என்கிறார். பாதை பொதுவானதுதான் என்று எப்படி நிரூபிப்பது?
– நீலாங்கரை வாசகி

முதலில், அந்தக் காவலாளியிடம் சண்டைக்குப் போகாதீர்கள் அம்மா. அவர் மாதச் சம்பளத்துக்கு நிற்பவர், அவரிடம் ஜெயித்தாலும் கேட் திறக்காது. ஓனரிடமும் இப்போதைக்குப் போக வேண்டாம். முதலில் காகிதம். முப்பது வருடம் வரைபடங்களோடு குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மாதிரி விவகாரங்களில் முக்கால்வாசி நேரம் பாதை காகிதத்தில் உயிரோடுதான் இருக்கும், தரையில்தான் செத்துப் போயிருக்கும். அதைத் தேடி எடுக்காமல் 'பொதுமக்கள் நலன் கருதி பாதை அமைத்துத் தர வேண்டுகிறோம்' என்று மனு எழுதினால், ஏற்கெனவே உங்களுடையதாக இருப்பதை நீங்களே பிச்சையாகக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம்.

என்ன காகிதம்? தெருவின் இரண்டு பக்கமும் உள்ள வீடுகளின் சர்வே எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் பத்திரத்திலேயே பக்கத்து எண் இருக்கும். வருவாய்த்துறையின் இணையதளத்தில் அந்த எண்ணுக்கான புலப்படத்தை, எஃப்எம்பி என்பார்களே அதை, பார்க்கலாம். கூடவே, எந்தத் துண்டு என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். பாதை இருக்கும் துண்டுக்கு எதிரே 'புறம்போக்கு – பாதை' என்றோ 'வண்டிப்பாதை' என்றோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. அப்படி இல்லாமல், உங்கள் தெரு ஒரு மனைப்பிரிவாகப் போடப்பட்டது என்றால், அங்கீகரித்த லேஅவுட் வரைபடம் வேண்டும். லேஅவுட் போட்டவர் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். அதில் உங்கள் தெரு கடற்கரை வரை போகிறதா, எத்தனை மீட்டர் அகலம் என்று இருக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். நீலாங்கரை, பாலவாக்கம், கொட்டிவாக்கம், ஈஞ்சம்பாக்கம் எல்லாம் 2011 வரை தனித்தனி ஊராட்சிகள். அந்த வருடம்தான் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருத்து இவற்றையும் விழுங்கியது. ஆனால் வருவாய்த்துறைக் கணக்கில் 2018 வரை நீங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். அதனால் பழைய தானப்பத்திரம் ஊராட்சியின் பெயரில் இருக்கும், கோப்பு எந்த அலுவலக அலமாரியில் தூங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. ஓர் இடத்தில் 'இங்கே இல்லை' என்றால் மனம் தளர வேண்டாம். ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு, போடுங்கள், பத்து ரூபாய்தான், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். 'பாதையை ஏன் மூடினீர்கள்' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. 'இந்தத் தெருவின் அங்கீகரிக்கப்பட்ட அகலம் என்ன, தானப்பத்திர எண் என்ன, கேட் போட அனுமதி கொடுக்கப்பட்டதா, கொடுக்கப்பட்டிருந்தால் நகல்' என்று கேளுங்கள். அனுமதிக் கடிதம் என்று ஒன்று இருக்கவே இருக்காது. அந்த 'இல்லை'தான் உங்களுக்கு வேண்டிய பதில்.

எங்கள் சந்துக் கதையைச் சொல்கிறேன். வரைபடத்தில் 6 மீட்டர். ஒரு நாள் விடிகாலை, நடைப்பயிற்சிக்குப் போகிற மாதிரி டேப்பைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய் அளந்தேன். மனுஷன் நடக்க மிச்சம் இருந்தது 2 மீட்டர் 30 சென்டிமீட்டர். ஒரு பக்கம் சிமென்ட் மேடை போட்டு ஜெனரேட்டர், அதையொட்டி வரிசையாகச் செடித்தொட்டிகள், எதிர்ப்பக்கம் உறை போட்ட கார் ஒன்று, நான்கு சக்கரத்திலும் காற்று இல்லை. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பெரிய குற்றமில்லை. ஓனரும் கெட்டவர் இல்லை, 'நான் வாங்கும்போதே இப்படித்தான் சார் இருந்தது' என்றார், அது உண்மையும்கூட. வரைபடத்தை அவர் வீட்டுத் திண்ணையிலேயே விரித்துக் காட்டியபோது ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டிகள் அந்த வாரமே போயின. ஜெனரேட்டருக்குத்தான் ஒன்றரை வருடம் ஆனது.

யாரிடம் மனு கொடுப்பது என்பதும் காகிதத்தைப் பொறுத்ததே. புறம்போக்கு என்றால் தாசில்தார், 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டம். உள்ளாட்சிக்கு ஒப்படைத்த தெரு என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம். மாற்றிக் கொடுத்தால் ரெண்டு பேரும் பந்தை அடுத்தவர் பக்கம் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இரண்டுமே இல்லை, பாதை நிஜமாகவே ஒருவரின் பட்டாவுக்குள் இருக்கிறது என்று தெரிந்தால், வருடக்கணக்கில் ஊரே நடந்த வழி என்பதை வைத்து வழக்காட இடம் உண்டு, ஆனால் அது வக்கீல் வேலை, என் வேலை இல்லை.

எங்கள் பக்கம் தெருவை மறிப்பது வீடு இல்லை, ஒரு ரிசார்ட். கடற்கரை வரை வேலி. இதற்கு விதி ஏதாவது உண்டா?
– ஈஞ்சம்பாக்கம் வாசகர்

உண்டு. மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-இல் வந்தது, பிறகு 2011, 2019 என்று மாற்றி எழுதினார்கள். 2011 அறிவிக்கையில், கடற்கரை ஓட்டல்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் என்று தனி இணைப்பே இருக்கிறது. இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே பொதுமக்கள் கடற்கரைக்குப் போக குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும். வேலி போடலாம், ஆனால் அது மக்கள் போக்குவரத்துக்கு எந்த வகையிலும் தடையாக இருக்கக் கூடாது. ரிசார்ட்டுக்குக் கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகலை மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் கேட்டு வாங்குங்கள், நிபந்தனைகள் எல்லாம் வரிசையாக அதில் இருக்கும். வேலியின் போட்டோவையும் அந்த நிபந்தனையையும் ஒரே பக்கத்தில் வைத்து அனுப்பினால் தனியாக விளக்கக் கடிதம் தேவைப்படாது.

நீங்கள் பாட்டுக்குப் பாதையைத் திற என்கிறீர்கள். கடைசி வீட்டுக்காரன் நான். திறந்தால் ராத்திரி குடிகாரர்கள், வாசலை மறித்துக் கார், பிளாஸ்டிக் தட்டு எல்லாம் எனக்குத்தான். நீங்கள் வந்து பெருக்குவீர்களா?
– கொட்டிவாக்கம் வாசகர்

பெருக்க மாட்டேன் ஐயா, அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பயம் பொய்யில்லை. கேட் போட்டவர்களில் பலர் இடத்தைத் திருட நினைத்தவர்கள் இல்லை, பாட்டில் பொறுக்கி அலுத்தவர்கள்தான். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? ஆள் நடமாட்டம் உள்ள சந்தில் யாரும் உட்கார்ந்து குடிப்பதில்லை. பாதி மூடி, பாதி திறந்து, விளக்கில்லாமல், யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி கிடக்கிற சந்துதான் அவர்களுக்கு வசதி. விடிகாலை நடப்பவர்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், சாயங்காலம் கால் நனைக்க வரும் பாட்டிகள் என்று நாள் முழுக்க ஆள் போய்வந்தால் அந்த இடத்துக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

கார்தான் உங்கள் நிஜமான எதிரி. அதற்கு வழி இருக்கிறது. பாதையின் வாயில் கம்பங்கள் நடச் சொல்லுங்கள், நடுவே 1.2 மீட்டர் இடைவெளி. கார் நுழையாது, சக்கர நாற்காலி தாராளமாக நுழையும். பைக்கும் நுழையும், அதை ஒளிப்பானேன். பைக்கை மட்டும் தடுத்து சக்கர நாற்காலியை மட்டும் விடுகிற இடைவெளி என்று ஒன்று கிடையாது. சுழல் கேட், வளைந்து நுழையும் கம்பி என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதில் முதலில் மாட்டிக்கொள்வது பைக்காரன் இல்லை, தள்ளுவண்டியில் குழந்தையை வைத்திருக்கும் அம்மா. பாதை வாயில் பஜ்ஜிக் கடை, ஐஸ்கிரீம் வண்டிக்கு இடம் ஒதுக்கவும் சம்மதிக்காதீர்கள். கடை வந்தால் கார் வரும், கார் வந்தால் நீங்கள் மறுபடி கேட் போடுவீர்கள்.

அம்மாவுக்கு 74 வயது, சக்கர நாற்காலிதான். மெரினாவில் மரப்பாதை போட்டிருக்கிறார்கள், போய் வந்தோம், அம்மா அழுதுவிட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் கால் டாக்ஸி பிடித்து அவ்வளவு தூரம் போக முடியவில்லை. எங்கள் தெருவிலேயே அப்படி ஒன்று சாத்தியமா?
– திருவான்மியூர் வாசகி

மெரினா பாதை சும்மா வந்ததில்லை அம்மா. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டும், மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் மட்டும் மாநகராட்சியில் தற்காலிகமாகப் பலகை போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே நிரந்தரப் பாதை 2022 நவம்பர் கடைசியில்தான் திறந்தது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து கடல் பக்கத்து முனையைப் பிய்த்துப் போட்டது, அப்புறம் சரிசெய்தார்கள். ஊரே சிரித்தது. எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை, கடலோரம் எதைக் கட்டினாலும் கடல் ஒரு நாள் வந்து பார்க்கத்தான் செய்யும். பழுது பார்க்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் எழுதியிருக்கிறார்களா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் தெருவுக்கு அவ்வளவு பெரிய மரப்பாதை தேவையில்லை. மெரினா மணல் அகலமோ அகலம், உங்கள் பக்கம் மணல் குறைவு. தடையே மூன்று இடங்களில்தான் இருக்கும். தெரு தார் முடியும் இடத்தில் ஒரு படி, அதற்கப்புறம் உதிரி மணல், நடுவில் யாரோ போட்ட கருங்கல். படிக்குச் சாய்தளம் கேளுங்கள், கேட்கும்போதே 'ஒன்றுக்குப் பன்னிரண்டு' என்று எழுதிக் கொடுங்கள். அதாவது ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் 7.2 மீட்டர் நீளச் சாய்தளம். இதை எழுதாமல் விட்டால் ஒப்பந்தக்காரர் இரண்டு மீட்டரில் ஒரு சறுக்கு மரம் கட்டிவிட்டு 'ராம்ப் போட்டாச்சு' என்று பில் வாங்கிவிடுவார். எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன், அதில் நாற்காலியைத் தள்ள இரண்டு பேர், பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

மணலுக்கு, கழற்றி மாட்டும் பலகைத் துண்டுகளோ சுருட்டி விரிக்கும் பாயோ போதும். மழைக்காலத்துக்கு முன் எடுத்து வைத்துவிட்டு ஜனவரியில் விரிக்கலாம். யார் எடுத்து வைப்பது என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மேற்கோள் காட்டுங்கள். அப்புறம், மனு கொடுக்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அந்த அலுவலகத்தில் சாய்தளம் இருக்கிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

எங்கள் தெரு பாதை திறந்தாகிவிட்டது! இப்போது டைல்ஸ், நுழைவு வளைவு, கலர் விளக்கு, செல்ஃபி பாயின்ட் எல்லாம் போட்டு அழகுபடுத்தத் திட்டம். குடியிருப்போர் சங்கத்தில் கருத்துக் கேட்கிறார்கள். என்ன சொல்லலாம்?
– பாலவாக்கம் வாசகர்

வாழ்த்து. அழகுபடுத்தல் என்ற வார்த்தையைக் கேட்டால் மட்டும் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். டைல்ஸில் ஈர மணல் பட்டால் வழுக்கும், வளைவு கட்டினால் கல்வெட்டு வரும், கல்வெட்டு வந்தால் திறப்பு விழாவரை பாதையை மூடி வைப்பார்கள். சொரசொரப்பான கான்கிரீட்டோ கல் பலகையோ போதும்.

விளக்கு விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். உங்கள் கரையில்தான் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. 1988-இலிருந்து ஒரு மாணவர் குழு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைப் பத்திரப்படுத்தி வருகிறது. பொரிந்து வரும் குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். இயற்கையில் கடல் பக்கம்தான் வெளிச்சம், உங்கள் தெருக்கோடியில் நீலமும் பச்சையுமாக விளக்கு எரிந்தால் அது தெருவுக்குள் வந்து சக்கரத்தில் மாட்டும். முழங்கால் உயரத்தில், தரையை மட்டும் பார்க்கிற, மஞ்சள் விளக்கு போதும், அதையும் கடைசி வீட்டோடு நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, தெரு முடிந்து கடற்கரை தொடங்கும் இடத்தில் மணல் மேடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா பாருங்கள். ஊதா நிறத்தில் புனல் மாதிரிப் பூக்கிற அடம்பங்கொடி, குத்துகிற ராவணன் மீசைப் புல் இவை இருந்தால் அதுதான் மேடு. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துப் பெண்கள் மாலையாகத் தொடுத்த அதே அடம்புதான், இப்போது ஜேசிபிக்காரர் அதைக் 'குப்பைச் செடி' என்பார். மேட்டை வெட்டி நேர்க்கோடாகப் பாதை போட்டால் காற்றும் மணலும் அந்த வெட்டு வழியாகவே தெருவுக்குள் வரும், பெரிய அலை வந்தால் தண்ணீரும் அதே வழியில் வரும். மேட்டுக்கு மேலாக, சற்று வளைத்து, பலகையில் ஏறி இறங்குகிற மாதிரி போடச் சொல்லுங்கள். நாலடி கூட நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லோரும் கடற்கரைக்கு வழி கேட்கிறார்கள். எங்கள் குப்பத்தில் நடைபாதை போடுகிறோம் என்று வலை காயப்போடும் இடத்தை அளக்கிறார்கள். எங்களுக்கு என்ன பதில்?
– மீனவக் குப்பத்து வாசகர் ஒருவர்

உங்கள் கடிதத்தை முதலில் போட்டிருக்க வேண்டும், வரிசை தப்பிவிட்டது. மற்றவர்கள் கேட்பது கடற்கரைக்குப் போக வழி. உங்களுக்கு அது ஃபைபர் படகு நிற்கும் இடம், வலை பிரிக்கும் இடம், கருவாடு காயும் இடம். தெருவிலிருந்து நேராகக் கடலுக்கு வரும் சந்து உங்களுக்கு இடைஞ்சல் இல்லை, கரையோடு நீளவாக்கில் போடும் நடைபாதையும் சாலையும்தான் இடைஞ்சல். மெரினாவுக்குத் தெற்கே நொச்சிக்குப்பத்தில் கரையோரமாக லூப் சாலை போட்ட பிறகு மீன் விற்பவர்களுக்கும் வண்டிகளுக்கும் நடந்த இழுபறி 2023-இல் நீதிமன்றம் வரை போனது எல்லோருக்கும் தெரியும்.

2011 அறிவிக்கைப்படி, கடலோர மண்டல வரைபடம் போடும்போது மீனவ ஊர்களையும், அவர்களின் பொது இடங்களையும், மீன் உலர்த்தும் இடங்களையும் தெளிவாகக் குறித்தாக வேண்டும். உங்கள் குப்பம் அந்த வரைபடத்தில் எப்படி இருக்கிறது என்று ஊர்ப் பஞ்சாயத்தில் நாலு பேர் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்று வரையுங்கள். எந்த மாதத்தில் எங்கே படகு நிற்கும், எங்கே வலை, கடல் உள்ளே வரும் மாதத்தில் எவ்வளவு பின்னால் இழுப்பீர்கள் என்று. அளக்க வருகிறவர் வருவது பெரும்பாலும் வேனிலில் ஒரு பகல் நேரம், படகெல்லாம் கடலில் இருக்கும், அவர் கண்ணுக்கு அது காலி மணல்.

ஏரியைச் சுற்றி நடைபாதை போடுகிறார்கள். நல்லதுதானே?
– தாம்பரம் பக்கத்து வாசகர்

கரை மேலே போட்டால் நல்லது. கரைக்கு உள்பக்கம் மண் கொட்டி மேடாக்கிப் போட்டால் ஏரி அந்த அளவுக்குச் சுருங்கும், மழையில் அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். உபரித் தண்ணீர் வழியும் கலங்கலையும், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயையும் பாதை எப்படித் தாண்டுகிறது என்று மட்டும் போய்ப் பாருங்கள். சின்னப் பாலம் என்றால் சரி, குழாய் புதைத்து மேலே மூடியிருந்தால் உடனே கடிதம் எழுதுங்கள். மேலே கிராவல் போதும், முட்டிக்கும் நல்லது. காலை பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்களா என்பதையும் கேட்டு வையுங்கள்.

பாதை திறந்தால் பிள்ளைகள் கடலில் இறங்கிவிடுவார்களே?
– பெசன்ட் நகர் வாசகி

இறங்குவார்கள். உங்கள் கடற்கரையில் நிற்கும் வெள்ளை மண்டபம், 1930-இல் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஷ்மிட் என்ற மாலுமியின் நினைவுக்கானது. நம் கடல் பார்க்க சாதுவாக இருக்கும்போதே காலை வாரும். அதனால் பாதை முடியும் இடத்தில் எச்சரிக்கைப் பலகையும், கயிறு கட்டிய மிதவை வளையம் ஒன்றும் கட்டாயம் கேளுங்கள். பெரிய அலை நாட்களில் அந்தப் பக்கத்து மீனவர்கள் 'இன்னிக்கு இறங்காதே' என்றால் மறுபேச்சுப் பேசாமல் திரும்பி வந்துவிடச் சொல்லிக் கொடுங்கள்.

திறந்த பாதைக்குப் பெயர்ப் பலகை வைக்கப்போகிறோம். யார் பெயரை வைக்கலாம் என்று சங்கத்தில் அடிதடி. நீங்களே ஒரு நல்ல பெயர் சொல்லுங்களேன்.
– பாலவாக்கம், அதே வாசகர்

யார் பெயரும் வேண்டாம். 'கடற்கரைக்குப் பொது வழி', ஓர் அம்புக்குறி, கீழே சர்வே எண், அகலம் 6 மீட்டர். அந்த அகலத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த தடவை யாராவது ஜெனரேட்டரை இறக்கும்போது லாரிக்காரர் கண்ணிலேயே படட்டும்.